தட்டில் இல்லாத சீட்டு

கிரேக்கம் படித்த போதகர் என்று எங்கள் கடற்கரையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், தபால் வழியில் இரண்டு வருடம் இறையியல் படித்தபோது எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினேன். அதற்குப் பிறகு ஒரு தடித்த அகராதி, நூறு பக்க நோட்டு ஒன்று. என் கிரேக்கம் அவ்வளவுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் "இதற்கு மூல பாஷையில்..." என்று நான் இழுத்தால், கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மண்டபத்துக்கு மேற்கே, ரயில் தண்டவாளத்துக்கும் வடகடலுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஆலயம். முப்பது குடும்பங்கள். எல்லாரும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். நான் மட்டும் உத்தரகோசமங்கைப் பக்கத்து ஆள். அப்பா அம்மா இருவரும் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தேன். இருபது வருடமாக இங்கே ஊழியம் செய்கிறேன், இன்னும் ஒரு வள்ளத்தில் ஏறியதில்லை. பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போதுகூட ஜன்னலோரம் உட்கார மாட்டேன். என் மனைவி இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்படிப்பட்டவனிடம்தான் கடலுக்குப் போகிறவர்கள் வந்து, இன்றைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்தியதும் நான்தான். வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எல்லாச் சபைகளிலும் உள்ள வழக்கம். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் வந்து, கண்ணை மூடி ஜெபித்து, ஒன்றை எடுப்பார். அதில் அச்சிட்டிருக்கும் வசனம் அந்தக் குடும்பத்துக்கு அந்த வருடம் முழுக்க ஆண்டவர் கொடுத்த வார்த்தை. அதை வாசல் நிலைக்கு மேலே ஒட்டி வைப்பார்கள். எங்கள் சபையில் அது வருடத்துக்கு ஒருமுறையோடு நிற்கவில்லை. புது வலை வாங்கினால் ஒரு சீட்டு, என்ஜின் மாற்றினால் ஒரு சீட்டு, காற்று அடித்து ஓய்ந்தபின் முதல் நாள் கடலுக்குப் போனால் ஒரு சீட்டு. மீந்த அட்டைகளை எவர்சில்வர் தட்டில் போட்டு வீட்டிலேயே வைத்திருந்தேன். வள்ளக்காரர்கள் ஒரு கையில் டீசல் கேனோடு வந்து, மறு கையால் சீட்டு எடுத்துக்கொண்டு போவார்கள்.

"நம்ம வீட்டுல கிளி ஒண்ணுதான் கொறையா இருக்கு" என்பாள் என் மனைவி. அவள் பரமக்குடிக்காரி, வாயை அடக்கத் தெரியாதவள். நான் கோபித்துக்கொள்வேன். வேத வசனத்தையும் கிளி ஜோசியத்தையும் ஒன்றாகப் பேசாதே என்பேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் ஒரு கிரேக்கச் சொல்லில் போய் விழுந்தேன். க்ரேமட்டிசோ. புதிய ஏற்பாட்டில் அரிதாகத்தான் வரும். தேவன் ஒரு மனிதனுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல் என்று அதற்கு அர்த்தம். எல்லாருக்கும் பொதுவான போதனையைச் சொல்லும் வார்த்தை இல்லை இது. இன்ன ஆளுக்கு, இன்ன நேரத்தில், இதைச் செய், அங்கே போகாதே என்று வரும் கட்டளைக்கான வார்த்தை. வேதத்துக்கு வெளியே, அந்தக் காலத்து அரசாங்க அலுவலகங்களில் மனுக் கொடுத்தவனுக்கு அதிகாரி விசாரித்துச் சொல்லும் பதிலுக்கும் இதே வார்த்தைதானாம். திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் மனுவோடு நிற்கிற கூட்டம் இதற்காகத்தான் நிற்கிறது என்று நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று இரண்டு தரம் வாசித்தும் பார்த்தேன்.

அந்த வார்த்தை வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். குழந்தையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய கிழக்கத்திச் சாஸ்திரிகள் கனவில் எச்சரிக்கப்பட்டு, ராஜாவிடம் திரும்பிப் போகாமல் வேறு வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் குழந்தையை வளர்த்த தச்சனும் கனவில் எச்சரிக்கப்பட்டு, போக நினைத்த இடத்தை விட்டு வேறு பக்கம் போனான். இன்னும் கண்ணில் படாத வெள்ளத்துக்காக ஒருவர் பேழை கட்டினார். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டேன்.

இதிலிருந்து நான் செய்யத் தீர்மானித்த பிரசங்கத்தைக் கேளுங்கள். இப்படிப்பட்ட அறிவுறுத்தல் அந்த ஆட்களோடு முடிந்துபோயிற்று. இப்போது எழுதப்பட்ட வசனம் நம் கையில் இருக்கிறது, அது போதும். கனவு, தரிசனம் என்று அலையக் கூடாது. இந்த முடிவுக்கு அகராதி காரணம் இல்லை. அடுத்த ஊரில் தரிசனம் சொல்கிற ஒருவர் கூட்டம் நடத்தி, என் சபையிலிருந்து நாலு குடும்பங்களை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலைத்தான் கிரேக்கத்தில் பேசப் பார்த்தேன்.

அந்த வாரம் மூன்று நாள் வாடைக் காற்று. யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு. நாலாம் நாள் காலையில் காற்று நின்றது. போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது மணி வாக்கில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு ஜோடி வந்தார்கள். அவருக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும், சொந்தமாக ஒரு வள்ளம். சபையில் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் முதலில் வருபவர். அவரும் அவருடைய தம்பியும்தான் அந்த வள்ளத்தில் போவார்கள். வழக்கம்போல் சீட்டு எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய மனைவிதான் பேசினாள்.

"அய்யா, விடியக்காலம் ஒரு சொப்பனம். மனசே சரியில்ல. வள்ளம் எங்க வீட்டு வாசல்ல கெடக்கு. உள்ளுக்க பூராம் மணலு. அவுக அதுக்குள்ள உக்காந்துகிட்டுச் சோறு கேக்குறாக. நான் தட்டத் தூக்கிக்கிட்டுப் போறேன். போகப் போக வள்ளம் தள்ளித் தள்ளிப் போகுது. கூப்புடுறேன், திரும்பியே பாக்கல. இன்னிக்கி ஒரு நா மட்டும் போக வேணாமுன்னு சொல்றேன். கேக்க மாட்டேங்குறாக."

"கேக்க மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கும் இன்னிக்கி என்னமோ தயக்கமாத்தான் இருக்கு. நீங்க சொன்னா நிறுத்திக்கிறேன்யா. ஒரு நாள்ல என்ன ஆயிரப் போகுது" என்றார்.

போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வீட்டுக்குப் போய் வலையைப் பிரித்துப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு நான் கிரேக்கம் படித்திருக்க வேண்டியதில்லை.

நான் சிரித்தேன். "ராத்திரி என்னம்மா சாப்புட்ட?" என்று கேட்டேன்.

அவளும் சிரித்துவிட்டாள். சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, "கருவாட்டுக் கொழம்புதான்யா" என்றாள். "அப்ப அது கருவாடு காட்டுன தரிசனம்" என்றேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நான் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதியை வாசலிலேயே வைத்துச் சொன்னேன். தேவன் சொப்பனத்தில் அறிவுறுத்திய காலம் முடிந்துவிட்டது, அதற்கு மூல பாஷையில் இன்ன வார்த்தை, இப்போது நமக்கு வசனம் இருக்கிறது. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தேன்.

அவர் கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தார். தண்ணீரைக் கடந்து போகும்போது நான் உன்னோடு இருப்பேன் என்ற கருத்துள்ள வசனம். எழுத்துக் கூட்டி வாசித்தவர் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா?" என்று மனைவியிடம் காட்டினார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சோத்திரம் அய்யா" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். என் பிரசங்கத்துக்கு ஆண்டவரே கையெழுத்துப் போட்டதாக நினைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அண்ணனும் தம்பியும் கிளம்பினார்கள். பொழுது சாயும் நேரத்தில், ஓய்ந்திருந்த வாடை திரும்பவும் கிளம்பியது. கூரைத் தகரம் தடதடக்கும் சத்தத்தை நான் வீட்டுக்குள் இருந்து கேட்டேன். வள்ளம் பக்கவாட்டில் அலை வாங்கிக் கவிழ்ந்ததாகப் பிறகு தம்பி சொன்னான். இருவரும் டீசல் கேன்களைப் பிடித்து மிதந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் வேறொரு படகில் வந்தவர்கள் தம்பியை மட்டும் தூக்கினார்கள். அண்ணன் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார். அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குத் தம்பியோடு நானும் போனேன். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துத்தான் தம்பி சொன்னான். அன்றைக்கு எனக்கு வந்த பயத்தைச் சொல்ல வேண்டும். அவர் செத்துவிட்டாரே என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. அந்தத் தட்டைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் முதலில் வந்தது.

யாரும் கேட்கவில்லை. அடக்க ஆராதனையில் நான் ஆறுதலாகப் பேசினேன். நன்றாகப் பேசியதாகவும் சொன்னார்கள்.

ஆனால் ஜனங்களுக்கு ஒரு கணக்கு இடித்தது. வசனம் கிடைத்தது, வசனத்தின்படி நடக்கவில்லை. ஆண்டவர் பொய் சொல்ல மாட்டார். ஆகவே தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் வெள்ளிக்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வாக்குத்தத்தம் வாங்கப் போன இடத்தில் போய் அவள் சொப்பனத்தைப் பேசியிருக்கிறாள், சந்தேகப்பட்ட வாய், அந்த வாய்தான் வசனத்தை வேலை செய்ய விடாமல் தடுத்துவிட்டது. என் மனைவி அதைக் கேட்டுவிட்டு வந்து ஆத்திரத்தோடு என்னிடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழம எந்திரிச்சு நின்னு இது தப்புன்னு சொல்லுங்க" என்றாள்.

பார்க்கலாம் என்றேன். சொல்லவில்லை. செத்தவருடைய மனைவி மேல் பழி இருக்கும்வரை என் தட்டின் மேல் பழி இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இதை அன்று நான் இவ்வளவு வெளிச்சமாக நினைக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவளே வந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். வாசலில் முழங்கால் போட்டாள். "என் வாயாலதான அவுக போனாக. எனக்கு மன்னிப்பு ஜெபம் பண்ணுங்கய்யா. பிள்ளயக் கூட நிமுந்து பாக்க முடியல" என்றாள். அவளுக்கு ஒரு மகள், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். எழுந்திரு தாயி, உன்னிடம் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவள் தலையில் கை வைத்து, அவளுடைய அவிசுவாசத்தை மன்னிக்கும்படி தேவனிடம் கேட்டேன். அவள் ஆமென் சொன்னாள். இருபது வருட ஊழியத்தில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான்.

வருடம் ஓடியது. அவள் நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கும் வந்தாள். பெண்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். பாட்டுப் பாடும்போது வாய் அசையாது. தான் வாயைத் திறந்தால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று அவள் நம்புகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளைப் பார்க்காமல் பிரசங்கம் செய்யப் பழகிக்கொண்டேன்.

அடுத்த டிசம்பரில் சிவகாசி அச்சகத்திலிருந்து புது வருட அட்டைகளின் மாதிரிப் புத்தகம் வந்தது. பிடித்த வசனங்களை நாம் குறித்து அனுப்பினால் அதை மட்டும் அச்சடித்துத் தருவார்கள். வருடா வருடம் நான்தான் குறித்து அனுப்புவேன். அந்த வருடம் மனைவியை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். அவள் வாசித்துக்கொண்டே போனாள். உன்னை ஆசீர்வதிப்பேன், உன்னைக் கைவிடேன், உன் எல்லையைப் பெரிதாக்குவேன் என்ற ரீதியில் பக்கம் பக்கமாக இருந்தது. எனக்கு நடுவில் அந்த நோட்டு ஞாபகம் வந்தது. எழுந்து போய் எடுத்துவந்தேன். க்ரேமட்டிசோ. ராஜாவிடம் போகாதே. அந்த ஊருக்குப் போகாதே. கண்ணுக்குத் தெரியாத வெள்ளத்துக்குப் பயந்துகொள். கேட்டவர்கள் எல்லாரும் கிளம்பின வழியை மாற்றியிருக்கிறார்கள். நானே என் கையால் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

"போகாதே, நில்லுன்னு சொல்ற மாதிரி ஒரு வசனம் இருக்கா பாரு" என்றேன்.

அவள் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் புரட்டினாள். "இல்ல" என்றாள். "நிப்பாட்டுற வசனத்த யாருங்க வாசல்ல ஒட்டி வப்பாக?"

பழைய தட்டை எடுத்து வந்து, மீந்திருந்த அட்டைகளை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடமாக அந்தக் கடற்கரைக்காரர்கள் என்னிடம் வந்து, போகலாமா என்று தேவனைக் கேட்டிருக்கிறார்கள். போ என்பதைத் தவிர வேறு பதில் வரவே முடியாதபடி அடைத்து வைத்துவிட்டு, நான் தட்டை நீட்டியிருக்கிறேன். மனைவியும் அட்டைகளைப் பார்த்தாள். கிளி என்று சொல்லி அவள் கேலி செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் கேலி செய்யவில்லை. "அந்தப் பிள்ளகிட்டப் போய்ச் சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

போக எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். வீட்டுப் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் நண்டு ஓடு கிழித்த கீறல்கள், சோப்புத் தண்ணீர் பட்டுச் சிவந்திருந்தன. நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் எங்கிருந்தோ ஆரம்பித்தேன். மூல பாஷையில் ஒரு வார்த்தை இருக்கிறதம்மா, தேவன் ஒரு ஆளுக்கு நேரடியாகச் சொல்வது, அன்றைக்கு நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு... என்று வளைத்து வளைத்துப் பேசினேன். அவள் ஒரு சேலையை அலசிப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அது கெடக்கட்டும்யா" என்றாள். "அன்னிக்கித் தட்டு நீட்டுனீகளே. அதுல போகாதன்னு ஒரு சீட்டு இருந்துச்சா?"

நான் சொல்ல வந்ததை அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். வாசிக்கத் தெரியாதவள்.

"இல்லம்மா" என்றேன்.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல. நான்தான் பொறுக்கி எடுத்து அச்சடிச்சேன். ஒண்ணு கூட வைக்கல."

அவள் பிழிந்த சேலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் காலில் வடிந்துகொண்டிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்ப அங்கன எடமில்லன்னுதான் ஆண்டவரு எங்கிட்ட வந்து சொல்லிருக்காரு" என்றாள். "நான் கேட்டேன். கேட்டு ஒங்ககிட்டக் கூட்டிக்கிட்டு வந்தேன். நீங்க என்ன சாப்புட்டன்னு கேட்டீக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் சிரிச்சேன்லய்யா" என்றாள் அவள். "எதுக்குச் சிரிச்சேன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல. நீங்க சிரிச்சீக, சிரிச்சேன்." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. சேலையைக் கொடியில் போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "எனக்கு ஒரு மன்னிப்பு ஜெபம் பண்ணீகல்ல. அதத் திருப்பி வாங்குங்க. இங்கன வேணாம். எல்லாரும் இருக்கையில, கோயில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து நின்று, நம்முடைய புரிதலில் சில குறைகள் இருந்தன என்று தொடங்கினேன். பழக்கதோஷம். சுவரோரத்திலிருந்து அவள் குரல் வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த ஆலயத்துக்குள் முதல்முதலாக அவள் வாய் திறந்தாள். "வெவரமாச் சொல்லுங்கய்யா."

சொன்னேன். தட்டில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று சொன்னேன். அவளுக்கு வந்தது எச்சரிக்கை என்றும், அதைக் கேலி செய்து தடுத்தது நான்தான் என்றும், அவள் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஜெபித்தேன் என்றும் சொன்னேன். கடைசியாக, அவருடைய சாவுக்கு இந்தச் சபையில் ஒரு ஆள் பதில் சொல்ல வேண்டுமானால் அது நான் என்றேன். தம்பி முன்வரிசையில் இருந்தான். அவன் எழுந்து செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே போனான். கமிட்டிப் பெரியவர் ஒருவர் ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இதையெல்லாம் சபையில சொல்லணுமாய்யா?" என்றார். புது வருடத்துக்குத் தட்டு கிடையாது என்றேன். ஐந்து குடும்பங்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டன. அங்கே சீட்டும் உண்டு, தரிசனமும் உண்டு.

அவள் இப்போதும் வருகிறாள். சுவரோரத்தில் உட்காருவதில்லை, பாடுகிறாள். என்னிடம் ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்பதில்லை. யாருமே இப்போது என்னிடம் போகலாமா என்று கேட்பதில்லை. தம்பி வேறொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறான். கிளம்புவதற்கு முன்னால் சைக்கிளை மிதித்து நண்டுக் கம்பெனி வாசலுக்குப் போய், "போகவா மதினி?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறான். போ என்பாள். பெரும்பாலும் அதுதான் பதில்.

போன மாதம் ஒருநாள் வேண்டாம் என்றுவிட்டாள். அன்றைக்குப் போன வள்ளங்களுக்கு நல்ல பாடு. நெத்திலி அள்ளிக்கொண்டு வந்தார்கள். கடல் ஆடாமல் அசையாமல் கிடந்தது. தம்பிக்கு ஒரு நாள் கூலி போயிற்று, கூட வேலை பார்ப்பவர்களின் கேலி வேறு. சாயங்காலம் கடைத்தெருவில் அவளைப் பார்த்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் எனக்குள் இருக்கிற அந்தப் பழைய ஆள் போகவில்லை.

"சொப்பனம் எதுவும் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"சொப்பனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. வேணாமுன்னேன்."

"இன்னிக்கிக் கடல்ல ஒண்ணும் நடக்கலியே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. விவரம் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"நடக்கலல்லய்யா. கொழுந்தப்புள்ள வீட்டுல உக்காந்து சோறு திங்கிறான்."